ஐந்து முறை நகர்ந்த முட்கள்: பத்து காவான் வீட்டுக் கடிகாரம் ஒன்றின் வரலாறு



பத்து காவானில் நண்பகல் எத்தனை மணிக்கு வருகிறது? வகுப்பில் இவ்வினாவைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் ஒரே குரலில் "பன்னிரண்டு மணி, ஐயா!" என்பார்கள். ஆனால், பள்ளித் திடலில் ஒரு குச்சியை நேராக நட்டு அதன் நிழலை அளந்தால் வேறு விடை கிடைக்கும். நிழல் மிகக் குறுகும் நேரமே உண்மையான நண்பகல். நம் ஊரில் அது சராசரியாகப் பிற்பகல் 1 மணி 18 நிமிடத்திற்கு நிகழ்கிறது. அப்படியானால் நம் கடிகாரங்கள் கதிரவனைவிட ஒன்றே கால் மணி நேரத்திற்கும் மேலாக முந்தி ஓடுகின்றன என்று பொருள்.

இந்த ஒன்றே கால் மணி நேரம் எங்கிருந்து வந்தது? என் தாத்தா விட்டுச் சென்ற பழைய கடிகாரம் ஒன்றை வீட்டிலேயே பழுதுபார்க்கத் தொடங்கியபோதுதான் இக்கேள்வி எனக்குள் எழுந்தது. கடிகாரத்தைப் பற்றி எழுதுமுன், அது வருவதற்கு முந்தைய காலத்தைச் சற்றுப் பார்த்துவிடுவோம்.

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகைகளாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். அடியில் சிறு துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து அமிழும் காலத்தைக் கொண்டு நாழிகையை அளந்தனர். இப்பணிக்கென்றே அரசர்களிடம் நாழிகைக் கணக்கர் இருந்ததை முல்லைப்பாட்டு காட்டுகிறது. இம்முறையில் நாள் என்பது கதிரவன் உதிக்கும்போது தொடங்கும். எனவே ஒவ்வோர் ஊரின் நேரமும் அவ்வூர் வானத்துக்குரியது. மதுரைக்கும் நாகப்பட்டினத்துக்கும் நேரம் வேறு என்பதால் எவருக்கும் எந்த இடரும் இல்லை.

இடர் தொடங்கியது தந்தியும் இரயிலும் வந்த பிறகு. சென்னையில் 1792-இல் எழுந்த வானாய்வுக் கூடம் கணித்த நேரம், பின்னாளில் இந்திய இரயில்வேக்களின் பொது நேரமாகவே ஆயிற்று. அது கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906 சனவரி 1 முதல் 5 மணி 30 நிமிடம் இந்தியாவின் பொது நேரமானது. பினாங்கின் இயற்கை நேரமோ கிரீன்விச்சைவிட 6 மணி 41 நிமிடம் முந்தியது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வங்கக் கடலைக் கடந்து வந்த நம் பாட்டன் பாட்டியர், வழியில் ஏறக்குறைய ஒன்றே கால் மணி நேரத்தைக் கடலில் விட்டுவிட்டுத்தான் பினாங்குத் துறைமுகத்தில் கால் வைத்தனர். கையில் கடிகாரம் இல்லாதவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

பினாங்கிலும் நேரம் நிலையாக நிற்கவில்லை. 1901-இல் மலாய்த் தீபகற்பம் சிங்கப்பூரின் இயற்கை நேரத்தை ஏற்றது. சிங்கப்பூர் நமக்குக் கிழக்கே இருப்பதால் நம் நேரம் 14 நிமிடம் முன்னே தள்ளப்பட்டது. 1905 சூன் 1 முதல் கிரீன்விச்சைவிட முழுதாக 7 மணி நேரம் முந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரை 1909-இல் தொடர் இருப்புப்பாதை அமைந்தது. இரயில் ஓடும் நாட்டில் ஊருக்கு ஒரு நேரம் இருக்க முடியாது அல்லவா?

இதே காலத்தில்தான் ஜார்ஜ் டவுனில், கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அருகே, இன்று சுற்றுப்பயணிகள் நின்று படமெடுக்கும் அந்த மணிக்கூண்டு எழுந்தது. விக்டோரியா அரசியார் அரியணை ஏறிய 60-ஆம் ஆண்டின் நினைவாக, ஆண்டுக்கு ஓரடி என்ற கணக்கில், 60 அடி உயரத்தில் அதைக் கட்டுவித்தவர் செல்வந்தர் சியா சென் இயோக். விழா நடந்தது 1897-இல். கோபுரம் முடிந்தது 1902-இல். அதற்குள் அரசியாரே மறைந்துவிட்டார்! போரின்போது விழுந்த குண்டுகளால் அக்கோபுரம் இன்றும் சற்றே சாய்ந்து நிற்கிறது. அடுத்த முறை பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது அந்தச் சாய்வைக் காட்டுங்கள்.

ஆனால், கடலுக்கு இக்கரையில் வாழ்ந்த நம்மவர்க்கு அந்த மணிக்கூண்டு தெரியாது. பத்து காவான் ஆறுகளும் கடலும் சூழ்ந்த நிலம். 19-ஆம் நூற்றாண்டில் தியோச்சூ சீனர்கள் இங்குக் கரும்பு பயிரிட்டனர். பின்னர் ஆங்கிலேயர் தோட்டங்கள் பரவின. தமிழர்கள் கூலிகளாக வந்தனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பின் இடத்தை ரப்பர் பிடித்தது. அதன்பின் செம்பனை. இப்போது தொழிற்பேட்டையும் அடுக்குமாடிகளும், 2014 மார்ச் 1-இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலமும்.

தோட்டத்தில் நேரம் என்பது பெரட்டு மணிதான். விடியுமுன் மணி ஒலிக்கும். லயத்து விளக்குகள் எரியும். பெரட்டுக் களத்தில் ஆள்கள் நிற்பார்கள். கிராணி பெயர் படிப்பார். பால் வெட்டுக்கு விடியற்காலையே ஏற்றது. குளிர்ந்த வேளையில் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏறக் குறையும். ஆக, பால்மரம் கதிரவனைப் பார்த்தது. வெட்டுபவர் மணியைக் கேட்டார். மணியடித்தவர் அலுவலகக் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கடிகாரமோ எங்கோ இருந்த அரசாங்கத்தைப் பார்த்தது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில், நாட்டின் பொது நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகத் 'தோட்ட நேரம்' என்று ஒன்றைத் தனியாகவே வைத்துக்கொண்டனர். கிழக்கில் முன்னதாக விடிந்துவிடும் பொழுதை வீணாக்கக் கூடாதல்லவா!

எங்கள் தாத்தா அத்தகைய தோட்ட அலுவலகம் ஒன்றில் சின்னக் கிராணியாக இருந்தவர். 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சியால் ரப்பர் விலை சரிந்தது. தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகத் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வெள்ளைக்காரத் துரைமார்களிலும் வேலை இழந்து ஊர் திரும்பியோர் உண்டு. அப்படிக் கப்பலேறிய ஒருவரின் வீட்டுப் பொருள்கள் 1932-இல் ஏலத்திற்கு வந்தபோது, தாத்தா இக்கடிகாரத்தை எடுத்தார் என்று அப்பா சொல்வார். என்ன விலை என்று அவருக்கும் தெரியாது. "ரெண்டு மாசச் சம்பளம்டா" என்று ஒரு முறையும், "சும்மாதான் கொடுத்தாங்க" என்று மறுமுறையும் சொல்லியிருக்கிறார். துரை எதையும் சும்மா கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இவ்வகையை ஆங்கிலத்தில் மேன்டல் கடிகாரம் என்பர். குளிர்நாட்டு வீடுகளில் கணப்பு அடுப்பின் மேல் ஒரு மாடம் இருக்கும். அம்மாடத்தில் வைப்பதற்கென்றே செய்யப்பட்டது. நம் நாட்டு வெயிலில் கணப்பு அடுப்புக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் அது கண்ணாடி அலமாரியின் மேல், சாமிப் படங்களுக்குச் சற்றுத் தள்ளி வீற்றிருந்தது. வளைந்த தோள் போன்ற மரக்கூடு, வெண்ணிற முகப்பு, கீழே இரண்டு சாவித் துளைகள். பின்கதவைத் திறந்தால் பித்தளைத் தட்டில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு அம்புகள் பொறிக்கப்பட்டிருக்கும். ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில், ஷ்ராம்பெர்க் நகரில் இயங்கிய ஹம்பர்க் அமெரிக்கக் கடிகார நிறுவனத்தின் முத்திரை அது. அதே ஊரில்தான் 1861-இல் தொடங்கிய ஜங்கான்ஸ் நிறுவனமும் வளர்ந்தது. எட்டு முனை நட்சத்திரத்தின் நடுவே ஓர் எழுத்து என்னும் அதன் முத்திரையை உங்களில் சிலர் தாத்தா வீட்டில் பார்த்திருக்கலாம்.

தோட்டம் கைமாறி, லயங்கள் இடிந்து, நாங்கள் தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்த நாளில் கடிகாரம் நின்றது. அக்கம்பக்கத்தார் பலர் அந்நேரம் இத்தகைய பொருள்களைப் பழைய சாமான் வாங்குவோரிடம் கொடுத்துவிட்டனர். சிறிய வீட்டில் இடமில்லை; ஓடாத கடிகாரம் வீட்டுக்கு ஆகாது என்ற நம்பிக்கையும் ஒரு காரணம். எங்கள் கடிகாரம் தப்பியது அம்மாவின் பிடிவாதத்தால். ஒரு துணியில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

இனி, பழுதுபார்ப்புக்கு வருவோம். வீட்டில் இத்தகைய கடிகாரம் வைத்திருப்போர் இப்பகுதியை ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன்.

நின்றுபோன கடிகாரங்களில் பலவற்றுக்குப் பழுதே இருப்பதில்லை. இடம் மாற்றி வைத்ததில் சமநிலை குலைந்திருக்கும், அவ்வளவே. ஊசலை மெல்ல ஆட்டிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். 'டிக்' ஒலிக்கும் 'டாக்' ஒலிக்கும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். நொண்டி நடப்பவர் போல ஓர் அடி நீண்டும் மறு அடி குறுகியும் கேட்டால், ஒரு பக்கத்தின் அடியில் மடித்த அட்டையை வைத்து, ஒலி சீராகும்வரை உயர்த்திப் பாருங்கள். ஊசலைக் கழற்றாமல் கடிகாரத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் தூக்கிச் செல்லவும் கூடாது. ஊசலைத் தாங்கும் எஃகுத் தகடு தாளைப் போல் மெல்லியது, எளிதில் மடங்கிவிடும். எங்கள் கடிகாரத்தில் மடங்கியிருந்தது அதுதான். பினாங்குத் தீவில் முதிய சீனப் பெரியவர் ஒருவர், மேசை இழுப்பறையிலிருந்த பழைய தகடுகளுள் பொருத்தமான ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தார்.

தகட்டை மாற்றியும் அது பத்து நிமிடத்திற்கு மேல் ஓடவில்லை. எனவே உட்பொறியை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. இங்கே ஓர் எச்சரிக்கை. எந்தத் திருகாணியையும் தொடுமுன் சுருள்வில்லின் முறுக்கை முழுதும் தளர்த்திவிட வேண்டும். கடிகாரம் நின்றிருக்கலாம்; வில் நிற்கவில்லை. எட்டு நாள் கடிகாரத்தின் வில்லில் ஒரு வாரத்து ஆற்றல் அடைந்து கிடக்கிறது. தட்டுகளைப் பிரித்தவுடன் அது ஒரே நொடியில் வெடித்து விரியும். விரல் எலும்பை முறிக்கவும் வல்லது. சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, சக்கரம் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் சிறு நகத்தை விலக்கி, கையின் கட்டுப்பாட்டிலேயே சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். பெரும்பாலும் வலப்பக்கத் துளை முட்களை ஓட்டும் வில்லுக்கு. இடப்பக்கத் துளை மணியடிக்கும் வில்லுக்கு. இரண்டையும் தளர்த்த வேண்டும். பிள்ளைகளை இவ்வேலையில் அருகில் வைத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று: இருளில் ஒளிரும் எண்களைக் கொண்ட பழைய அலாரக் கடிகாரங்களைத் திறக்கவே வேண்டாம். அவ்வெண்களில் ரேடியம் கலந்த வண்ணம் பூசப்பட்டிருக்கக்கூடும்.

ஒவ்வொரு படியையும் படமெடுத்துக்கொண்டே பிரித்தேன். நம் காலத்தில் கைப்பேசி செய்யும் பேருதவி இது. தட்டுகளுக்கிடையில் கரும்பச்சை நிறத்தில் பிசின் போல் ஒட்டிக்கொண்டிருந்தது பழைய எண்ணெய். யாரோ ஒருவர் அன்போடு தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்! தேங்காய் எண்ணெயும் சமையல் எண்ணெயும் சில காலம் கழித்துக் கெட்டியாகிச் சக்கரங்களையே கட்டிப்போட்டுவிடும். கடிகாரத்துக்கென்று விற்கப்படும் எண்ணெயே தக்கது. அதுவும் அச்சு முனைகள் சுழலும் துளைகளில் ஓர் ஊசிமுனை அளவு. நங்கூர வடிவத் துண்டு சக்கரத்தின் பற்களைத் தொடுமிடத்தில் ஓர் ஊசிமுனை அளவு. பற்சக்கரங்களின் பற்களுக்கு எண்ணெய் கூடாது. தூசி ஒட்டி, அதுவே அரமாகித் தேய்க்கும்.

துளைகள் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் அங்குப் புதிய பித்தளை வளையம் பொருத்த வேண்டும். அது கைதேர்ந்தவர் வேலை. வீட்டில் முயல வேண்டாம். எங்களுடையதில் ஒரு துளைக்கு மட்டும் அது தேவைப்பட்டது. மரக்கூட்டின் பின்பக்க மூலை பிரிந்திருந்தது. அக்காலத்தில் விலங்குப் பசையால் ஒட்டினர். கடற்காற்றின் ஈரத்தில் அது இளகிவிடும். பழைய வார்னிஷைச் சுரண்டிவிட்டுப் புதிது பூசச் சொன்னவர்கள் உண்டு. நான் உடன்படவில்லை. அது பூசிய கைகளையும் துடைத்த கைகளையும் சேர்த்தே சுரண்டுவதாகும்.

துடைக்கும்போது பின்தட்டின் ஓரத்தில் ஊசியால் கீறிய எழுத்துகள் தெரிந்தன. சீன எழுத்து ஒன்றும், அதன் அருகில் '51' என்ற எண்ணும். கடிகாரம் பழுதுபார்ப்போர் தாம் வேலை செய்த ஆண்டையோ பெயரையோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இப்படிக் கீறி வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். 1951-இல் யாரோ ஒரு சீனத் தொழிலாளி இதைத் திறந்திருக்கிறார். அவசர கால ஆண்டுகள் அவை. தோட்டத்திலிருந்து இதை யார் சுமந்து சென்றார், எந்தக் கடைக்கு என்பதை இன்று சொல்வார் இல்லை. பித்தளைத் தட்டு மட்டும் அந்த ஆண்டை வைத்திருக்கிறது.

பொறி மீண்டும் கூட்டுக்குள் அமர்ந்து ஓடத் தொடங்கிய பின், ஊசலின் அடியிலுள்ள சிறு திருகைத் தொடாமல், அதன் போக்கிலேயே விட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் பிந்தியது. சக்கரத்தில் குறையில்லை, வில்லில் குறையில்லை. பின்னர் ஏன்?

ஊசலின் ஆட்டம் அதன் நீளத்தையும் புவியீர்ப்பையும் பொறுத்தது. 1656-இல் ஐகன்ஸ் ஊசற் கடிகாரத்தை உருவாக்கியபோது, ஈர்ப்பு உலகெங்கும் ஒன்றே என்றுதான் எண்ணினர். 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலார் தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குச் சென்றார். பாரிசில் சரியாக ஓடிய கடிகாரம் அங்கு நாள்தோறும் இரண்டரை நிமிடம் பிந்தியது. ஊசலைக் குறுக்கினால்தான் சரியானது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஈர்ப்பு சற்றுக் குறைவு என்பதும், நில உருண்டை நடுவில் புடைத்தது என்பதும் அறிவியல் உலகில் நிலைபெற, ரிஷே கண்ட இச்சிறு பிந்தல் பெரிதும் உதவியது. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட தம் பெருநூலில் இதனை எடுத்தாண்டார்.

கயேன் நகரம் வட அகலாங்கு ஏறத்தாழ 5 பாகையில் உள்ளது. பத்து காவான்? அதுவும் 5 பாகையில்தான்! ஷ்ராம்பெர்க்கோ 48 பாகையில். கருங்காட்டில் சரிபார்க்கப்பட்ட ஊசல் இங்கு வந்தால் நாளுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் பிந்தியே தீரும். நம் வெப்பத்தில் பித்தளைத் தண்டு நீள்வதால் இன்னும் சில நொடிகள் சேரும். 15 செ.மீ. நீளமுள்ள ஊசலை ஏறக்குறைய 0.4 மி.மீ. குறுக்கினால் போதும். நகக் கனம்கூட இல்லை. திருகைச் சுழற்றிக் குண்டை மேலேற்றினால் கடிகாரம் விரையும், கீழிறக்கினால் பிந்தும். சில வகைகளில் இதற்கென முகப்பில் 12 என்ற எண்ணுக்கு மேல் ஒரு சிறு சதுர முனை இருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புவியீர்ப்பைக் கற்பிக்க இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைத்ததில்லை. ஏலத்தில் எடுத்த நாள் முதல் தாத்தாவும் இத்திருகோடு போராடியிருக்க வேண்டும். அதன் விளிம்பு ஆள் விரலால் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. இடையில் யாரோ குண்டைத் தாழ இறக்கிவிட்டிருந்தார்கள் போலும்.

திருகு நிலத்திற்குக் கட்டுப்பட்டது. முட்கள் அப்படியல்ல. அவை ஆள்வோருக்குக் கட்டுப்பட்டவை.

மணியடிக்கும் கடிகாரத்தின் முட்களை நகர்த்துவதற்கு ஒரு முறை உண்டு. முன்னோக்கித் தள்ளலாம். ஆனால், ஒவ்வொரு மணியிலும் அரைமணியிலும் நின்று, அது அடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பின்னோக்கித் திருப்பக் கூடாது. எண்ணும் சக்கரத்தைக் கொண்டு மணியடிக்கும் பழைய வகைகளில் அப்படித் திருப்பினால், முள் ஒன்றைக் காட்ட, மணி வேறொன்றை அடிக்கும். உள்ளே சிறு நெம்புகோல்கள் வளையவும் கூடும். முட்களைப் பின்னால் கொண்டுவர விரும்புவோர் ஊசலை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதே வழி. இதை மனத்திற்கொண்டு கீழ்வரும் வரலாற்றைப் படியுங்கள்.

கடிகாரம் தாத்தாவிடம் வந்த சில மாதங்களில், 1933 சனவரி 1 அன்று, மலாயாவின் நேரம் 20 நிமிடம் முன்னே தள்ளப்பட்டது. மாலையில் வெளிச்சம் சற்று நீடித்தால் அலுவலகம் முடிந்து பந்தாடலாம், திடலுக்குப் போகலாம் என்பது அதை வேண்டியவர்களின் வாதம். பெரட்டுக்குப் போகிறவர் எவரும் அதை வேண்டியதாகத் தெரியவில்லை. உலக வழக்கில் அரைமணி, ஒரு மணி என்று நேரத்தை மாற்றுவதுண்டு. 20 நிமிடம் என்பது விந்தையான கணக்கு. 1941 செப்டம்பர் 1 அன்று இன்னும் 10 நிமிடம் கூட்டி அந்த விந்தையைச் சரிசெய்தனர். கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரம் முந்தியதாயிற்று.

அந்த ஆண்டின் டிசம்பரில் ஜப்பானியர் குண்டுகள் ஜார்ஜ் டவுன் மீது விழுந்தன. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மறுநாளிலிருந்து டோக்கியோவின் நேரமே நம் நேரம். கடிகாரம் ஒரே தாவலாக ஒன்றரை மணி நேரம் முன்னே பாய்ந்தது. பிப்ரவரித் தொடக்கத்துக் கதிரவன் டோக்கியோ நேரப்படி பத்து காவானில் எட்டரை மணிக்கு மேல்தான் உதிக்கும். நண்பகல் பிற்பகல் 2 மணி கடந்து வரும். கடிகாரம் நகர்ந்தது, பால்மரம் நகரவில்லை. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட நம்மவர்கள் அடர்காட்டிலும் அதே டோக்கியோ நேரத்துக்கே எழுப்பப்பட்டனர். திரும்பி வராதோர் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. எங்கள் தாத்தாவின் தம்பியும் அவர்களுள் ஒருவர்.

1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் மீண்டனர். நேரமும் ஏழரைக்கு மீண்டது. இப்போது முட்கள் ஒன்றரை மணி நேரம் பின்னே போக வேண்டும். அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. தாத்தா கடிகாரத்தின் பின்கதவைத் திறந்து ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தியதையும், அலமாரிக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததையும் அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். வீட்டில் வேறு கடிகாரம் கிடையாது. வாசற்படியில் விழுந்த தூணின் நிழலில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டு, நிழல் எவ்வளவு நகர்ந்தால் ஒன்றரை மணி என்று தம் கணக்கில் இன்னொரு கோடும் போட்டிருந்தாராம். நிழல் அக்கோட்டைத் தொட்டதும் ஊசலை ஆட்டிவிட்டார். நிழலைக் கொண்டு நேரத்தை அளந்து ஜெர்மன் கடிகாரத்தை ஓட்டிவிட்ட அந்தச் சின்னக் கிராணியை நினைத்தால் எனக்குப் பெருமிதமே உண்டாகிறது. அந்த ஒன்றரை மணி நேரம் அவர் எழவே இல்லை. யாரோடும் பேசவும் இல்லை என்பார் அப்பா. தம்பியைப் பற்றிய செய்தி அப்போது இன்னும் வந்திருக்கவில்லை.

ஐந்தாவது மாற்றம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 1982 சனவரி 1 அன்று, தீபகற்ப மலேசியாவின் நேரத்தைச் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காக அரை மணி நேரம் கூட்டப்பட்டது. சிங்கப்பூரும் நம்மைப் பின்பற்றியது. இம்முறை முள்ளை நகர்த்தியவர் அப்பா. நாட்டு மக்கள் ஒரே நேரத்தில் வாழ வேண்டும் என்ற நோக்கத்தில் நியாயம் இருந்தது. அதற்குரிய விலையைத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் வாழும் பிள்ளைகள் தங்கள் காலைத் தூக்கத்தால் கொடுத்து வருகிறார்கள்.

கூட்டிப் பாருங்கள். 20, 10, 90 கூட்டி, 90 கழித்து, 30 கூட்டினால் சரியாக 60 நிமிடம். எங்கள் அலமாரியின் மேல் இருந்தபடியே அக்கடிகாரம் ஒரு முழு மணி நேரத்தைக் கடந்திருக்கிறது. பிப்ரவரித் தொடக்கத்தில் நம் ஊரில் இப்போது ஏறத்தாழ 7 மணி 34 நிமிடத்திற்குச் சூரியன் உதிக்கிறது. அதாவது ஏழரைக்குத் தொடங்கும் பள்ளிக்குப் பிள்ளைகள் கதிரவனுக்கு முன்பே வந்துவிடுகிறார்கள்! அதே விடியல் 1982-க்கு முன் 7 மணி 4 நிமிடம். 1905-இன் நேரப்படி 6 மணி 34 நிமிடம். பினாங்கின் இயற்கை நேரப்படி 6 மணி 15 நிமிடம். முதற்பாடவேளையில் கொட்டாவி விடும் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் ஆசிரியர்கள் இக்கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

நாட்காட்டி பார்ப்போருக்கும் ஒரு செய்தி. திங்கட்கிழமை இராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்பது, ஆறு மணிக்குச் சூரியன் உதிப்பதாகக் கொண்டு வகுத்த கணக்கு. ஏழேகாலுக்கு விடியும் நாளில் அது எட்டே முக்காலுக்குத்தான் தொடங்க வேண்டும். நம் வீடுகளில் இன்னும் ஏழரை என்றே பார்த்து வருகிறோம். நல்ல நேரத்திற்கும் இது பொருந்தும். திருமண மண்டபக்காரர்களோடு இது குறித்து வாதிட எனக்குத் துணிவில்லை.

குச்சி நிழல் சோதனையைப் பள்ளியில் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு: நண்பகல் ஆண்டு முழுதும் ஒரே நேரத்தில் வருவதில்லை. நவம்பர் முதல் வாரத்தில் அது பிற்பகல் 1 மணி 2 நிமிடத்தை ஒட்டி வரும். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் 1 மணி 32 நிமிடத்தை ஒட்டி வரும். எனவே 12 மணி 45 நிமிடத்திலிருந்தே ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை நிழலின் நுனியைக் குறித்து வரச் சொல்லுங்கள். மழைக்காலமாதலால் நவம்பரைவிடப் பிப்ரவரியே வசதியானது.

வீட்டில் பழைய கடிகாரம் வைத்திருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதைத் துலக்கக் கொடுக்குமுன் பின்கதவைத் திறந்து, விளக்கொளியில் தட்டின் ஓரங்களைப் பாருங்கள். கீறிய எண்ணோ எழுத்தோ இருந்தால் படமெடுத்து வையுங்கள். மெருகேற்றும் மாவு முதலில் அழிப்பது அதைத்தான். 1982-இல் அதன் முட்களை நகர்த்தியவர் யார், 1945-இல் யார் என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு, விடையை ஒரு தாளில் எழுதிக் கடிகாரத்தின் உள்ளேயே வைத்துவிடுங்கள். எங்களுடையதில் அப்பா சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். ஊசலில் படாதவாறு, இடப்பக்கச் சுவரோடு ஒட்டி.